வாஸ்கோடகாமாவைப் பாடிய கவிஞருக்கு நாடு கொடுத்தது என்ன? மயிலாப்பூரை காவியத்தில் வைத்த கமோயின்ஸின் கதை!

வாஸ்கோடகாமா யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட பதில் சொல்லிவிடும். ஆனா, அந்தக் கடல் பயணத்தை ஒரு பெரும் காவியமாக எழுதியவர் யார்? அங்கேதான் பலரும் யோசிப்பார்கள்.

அவர் பெயர் லூயிஸ் டி கமோயின்ஸ். போரில் ஒரு கண்ணை இழந்தவர். சிறைக்குப் போனவர். கோவாவில் படைவீரராக இருந்தவர். கப்பல் விபத்தில் தப்பியவர். ஊர் திரும்ப டிக்கெட் காசு இல்லாமல் ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்டவர். இன்று போர்ச்சுகலின் தேசிய தினமாகக் கொண்டாடப்படுவது அவர் இறந்த ஜூன் 10-ம் தேதிதான்.

இவ்வளவு பெரிய மரியாதை பெற்றவர், உயிரோடு இருந்தபோது எப்படி வாழ்ந்தார்? ஒரு சமூகத்தில் கவிஞனுக்கு என்ன இடம் என்பதைப் பற்றி அவர் தன் காவியத்திலேயே என்ன எழுதி வைத்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

கிண்டிக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கிண்டியில் மெட்ரோ ஏறி சைதாப்பேட்டை பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் லிட்டில் மவுண்ட், அதாவது சின்னமலை. கிண்டிக்கு இன்னொரு பக்கம் பரங்கிமலை. ஐரோப்பியர்களை, குறிப்பாக முதலில் வந்த போர்ச்சுகீசியர்களை, மக்கள் பரங்கி என்று அழைத்ததில் வந்த பெயர் அது.

இயேசுவின் சீடர்களில் ஒருவரான தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. 1520-களில் மயிலாப்பூர் கடற்கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர்கள் இந்த இடங்களில் எல்லாம் தேவாலயங்கள் கட்டினார்கள். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் சாவ் தோமே. அதுதான் இன்றைய சாந்தோம்.

இந்தத் தோமையார் கதையும் மயிலாப்பூரும் கமோயின்ஸின் காவியத்தில் வருகின்றன. 1572-ல் லிஸ்பனில் அச்சான ஒரு புத்தகத்தில் நம்ம மயிலாப்பூர்! அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

யார் இந்த கமோயின்ஸ்?

பிறந்தது 1524 வாக்கில். அப்பா சிமாவ் வாஸ், அம்மா அனா டி சா. பிரபு வம்சத்தின் கடைசிப் படியில் இருந்த குடும்பம். பெயருக்குப் பின்னால் கௌரவம் உண்டு, கையில் காசு இல்லை. கிரேக்க, லத்தீன் இலக்கியங்களை நன்றாகப் படித்தவர் என்பது அவர் எழுத்திலேயே தெரியும்.

அந்தக் காலத்தில் போர்ச்சுகலில் வசதி இல்லாத இளைஞர் முன்னேற இருந்த வழிகள் ரொம்பக் குறைவு. ஒன்று தேவாலயம், இல்லாவிட்டால் அரண்மனை, அதுவும் இல்லாவிட்டால் படை. கவிதை எழுதுவது தொழில் கிடையாது. அது பிரபுக்களின் வீட்டில் இடம் பிடிக்க உதவும் ஒரு திறமை, அவ்வளவுதான். கமோயின்ஸுக்கு அரண்மனைக் கதவு நிரந்தரமாகத் திறக்கவில்லை. படைக்குப் போனார். வட ஆப்பிரிக்காவின் செயுட்டாவில் நடந்த சண்டையில் வலது கண் போனது.

சிறையிலிருந்து கப்பலுக்கு!

1552-ம் ஆண்டு லிஸ்பனில் திருவிழா ஊர்வலம். அங்கே நடந்த தகராறில் அரண்மனை ஊழியர் ஒருவரை கமோயின்ஸ் வாளால் காயப்படுத்திவிட்டார். நேராக ஜெயில். பல மாதங்கள் உள்ளே இருந்த பிறகு 1553 மார்ச்சில் மன்னரின் மன்னிப்பு கிடைத்தது. இவர் ஓர் ஏழை இளைஞர், இந்தியாவில் மன்னருக்குச் சேவை செய்யப் போகிறார் என்பதை அந்த மன்னிப்பு ஆவணமே குறிப்பிடுகிறது.

சில நாட்களிலேயே சாவ் பென்டோ என்ற கப்பலில் ஏறினார். செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துக் கடல் பயணம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே ஒரு தகவல் போதும். அதே கப்பல் அடுத்த ஆண்டு ஊர் திரும்பும்போது தென்னாப்பிரிக்கக் கரையில் உடைந்து போனது.

கோவாவில் கவிஞருக்கு என்ன வேலை?

கவிஞருக்கு அங்கே வேலை இல்லை, படைவீரருக்குத்தான் வேலை. மலபார் கரையில் ஒரு சண்டை, பிறகு செங்கடல் பக்கம் ஒரு படைப் பயணம் என்று ஓடியது. கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகளின் பேராசையையும் ஊழலையும் நேரில் பார்த்தார். கடன் தொல்லையில் அங்கேயும் ஒருமுறை சிறைக்குப் போனார். தன்னை விடுவிக்கச் சொல்லி வைஸ்ராய்க்கு அவர் அனுப்பியது மனு இல்லை, ஒரு கேலிக் கவிதை!

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். கமோயின்ஸின் கவிதை முதன்முதலில் அச்சானது ஐரோப்பாவில் இல்லை, இந்தியாவில். 1563-ல் கோவாவில் கார்சியா டி ஓர்ட்டா என்ற மருத்துவர், இந்திய மூலிகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலை ஆதரிக்கும்படி வைஸ்ராயைக் கேட்டு கமோயின்ஸ் எழுதிய கவிதை அதன் முகப்பில் வந்தது. தான் வறுமையில் இருந்தபோதும் இன்னொரு அறிஞருக்காக அதிகாரத்திடம் பேசினார் கவிஞர்.

அந்த ஓர்ட்டாவின் கதி என்ன தெரியுமா? யூத வம்சத்தில் வந்தவர் என்பதால், இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1580-ல் மத விசாரணை மன்றம் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது. அறிவுக்கும் எழுத்துக்கும் அந்தப் பேரரசு தந்த மதிப்பு அப்படி இருந்தது.

நனைந்த கையெழுத்துப் பிரதி

இடையில் சீனக் கடல் பக்கமும் போனார் கமோயின்ஸ். மக்காவில் சில காலம் இருந்தார் என்பது மரபு. மீகாங் ஆற்று முகத்துவாரம் அருகே கப்பல் உடைந்தது. எல்லாம் போனது, காவியத்தின் கையெழுத்துப் பிரதி மட்டும் பிழைத்தது. ஒரு கையில் அதைத் தூக்கிப் பிடித்தபடி நீந்திக் கரை சேர்ந்தார் என்பது பிற்காலத்தில் ஓவியர்களுக்குப் பிடித்த காட்சியாகிவிட்டது. காவியத்திலும் மீகாங் நதியைச் சொல்லும் இடத்தில், நனைந்துபோன தன் பாடல்களை அது ஏற்றுக்கொள்ளும் என்று குறிப்பு வைத்திருக்கிறார்.

காவியத்தில் என்ன இருக்கிறது?

காவியத்தின் பெயர் லூசியாதாஸ். போர்ச்சுகலின் பழைய பெயர் லூசிடானியா. அந்த மண்ணின் மக்கள் என்பதுதான் தலைப்பின் பொருள். மொத்தம் 10 காண்டங்கள், 1,102 பாடல்கள். ஒவ்வொரு பாடலும் 8 வரி. 1497-ல் புறப்பட்டு 1498-ல் கோழிக்கோடு கரைக்கு வந்த வாஸ்கோடகாமாவின் பயணம்தான் கதை. அதற்குள் போர்ச்சுகலின் முழு வரலாறும் வருகிறது.

10-வது காண்டத்தில் ஒரு கடல் தேவதை, வாஸ்கோடகாமாவுக்கு உலகம் முழுவதையும் காட்டி, நடந்ததையும் நடக்கப் போவதையும் சொல்கிறாள். அங்கேதான் மயிலாப்பூர் வருகிறது. கடலில் மிதந்து வந்த மாபெரும் மரத்தை யானைகளாலும் அசைக்க முடியவில்லை. தோமையார் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டி எளிதாக இழுத்து வருகிறார். பொறாமைப்பட்ட பிராமணத் தலைவர் ஒருவர் தன் மகனைத் தானே கொன்று பழியை தோமையார் மேல் போடுகிறார். இறந்த பிள்ளை உயிர்பெற்று உண்மையைச் சொல்கிறது. கடைசியில் தோமையார் கல்லெறிபட்டு, ஈட்டியால் குத்தப்பட்டு இறக்கிறார்.

இது வரலாற்று ஆவணம் இல்லை, மரபுக் கதை. அதுவும் ஆட்சியைப் பிடிக்க வந்தவர்களின் பார்வையில் சொல்லப்பட்ட கதை. மயிலாப்பூர் மக்களின் குரல் அதில் கிடையாது. 1502-ல் இரண்டாம் முறை வந்த வாஸ்கோடகாமா, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர்களின் கப்பலை எரித்ததும், கோழிக்கோட்டின் மேல் பீரங்கியால் சுட்டதும் வரலாறு. வாஸ்கோடகாமாவை வீரனாக்கிய காவியத்தைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போ இவர் வெறும் அரசவைப் புகழ்பாடியா?

அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. காரணம், புகழ வந்த காவியத்துக்குள்ளேயே கமோயின்ஸ் எதிர்க்குரலையும் வைத்தார்.

4-வது காண்டத்தில் கப்பல்கள் புறப்படும்போது கரையில் ஒரு கிழவர் நிற்கிறார். புகழ் ஆசையும் பதவி ஆசையும்தான் உங்களை இழுத்துப் போகிறது, இதனால் வீடுகள் பாழாகும் என்று சபிக்கிறார். பயணத்தைக் கொண்டாடும் காவியத்தில், பயணமே தப்பு என்று சொல்லும் ஒரு பாத்திரம்!

அடுத்தது, கவிஞனின் இடம். 5-வது காண்டத்தின் முடிவில் கதையை நிறுத்திவிட்டு கவிஞரே பேசுகிறார். கிரேக்கத்திலும் ரோமிலும் பெரிய தளபதிகள் கவிதையை மதித்தார்கள், ஹோமர் பாடியதால்தான் அக்கிலீஸைப் பார்த்து அலெக்சாண்டர் பொறாமைப்பட்டான், ஆனால் எங்கள் பிரபுக்களுக்கு மட்டும் கவிதை என்றால் என்னவென்றே தெரியவில்லை, அதற்காக வெட்கப்படுகிறேன் என்பது அவர் வாதம். வாஸ்கோடகாமாவையும் விடவில்லை. அவருக்கும் சரி, அவர் வாரிசுகளுக்கும் சரி, கவிதை மேல் பெரிய அன்பு இல்லை. நாட்டின் மேல் உள்ள பாசத்தால்தான் கவிதை அவரைப் பாடுகிறது, அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். காவியத்தின் நாயகனையே, நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று சொல்கிறார் ஓர் ஏழைப் படைவீரர்.

7-வது காண்டத்தின் முடிவில் இன்னும் வெளிப்படையாகவே புலம்புகிறார். ஒரு கையில் வாள், மறு கையில் பேனா என்று வாழ்ந்தேன். வறுமை, கப்பல் விபத்து எல்லாம் பார்த்தேன். நான் யாரைப் பாடினேனோ அவர்களே எனக்குத் துன்பம்தான் பரிசாகக் கொடுத்தார்கள். இதைப் பார்க்கும் அடுத்த தலைமுறையில் யார் எழுத வருவார்கள் என்பது அந்தப் பகுதியின் சாரம்.

அங்கேயே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொள்கிறார். பொது நன்மையைவிட தன் லாபத்தைப் பெரிதாக நினைப்பவரை, ஏழையின் உழைப்புக்கு உரிய கூலி தராதவரைப் பாட மாட்டேன் என்பது அந்த முடிவு. யாரைப் பாடுவது என்பதைக் காசு கொடுப்பவன் தீர்மானிக்கக் கூடாது, கவிஞன்தான் தீர்மானிப்பான் என்பதுதான் இதன் அர்த்தம். 10-வது காண்டத்தின் முடிவில், காது கேளாத, பேராசையில் மூழ்கிய மக்களிடம் பாடிப் பாடி குரல் கம்மிவிட்டது என்று பாட்டை முடித்துக்கொள்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த எண்ணம் புதுசு இல்லை. புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்குப் போகும் முன் வஞ்சினம் சொல்கிறான். எதிரிகளை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்பது அதில் ஒன்று. புலவர் பாடாமல் விடுவதே ஒரு மன்னனுக்குத் தண்டனை! கமோயின்ஸ் தன் நாட்டுப் பிரபுக்களிடம் எதிர்பார்த்தது இந்தப் புரிதலைத்தான். கிடைக்கவில்லை.

ஊர் திரும்ப காசு இல்லை!

1567-ல் கோவாவிலிருந்து கிளம்பினார். ஆனால் மொசாம்பிக்கோடு பயணம் நின்றுபோனது. கையில் காசு இல்லை, மேலே கடன் வேறு. அந்த வழியாக வந்த வரலாற்று ஆசிரியர் டியோகோ டி கூட்டோ, நண்பர்கள் போடும் சாப்பாட்டில் கமோயின்ஸ் காலம் தள்ளுவதைப் பார்த்தார். நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு, உடையும் கொடுத்து அவரைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அங்கே அவர் தொகுத்து வைத்திருந்த இன்னொரு கவிதைக் கையெழுத்துப் பிரதி திருடுபோனது என்றும் கூட்டோ பதிவு செய்திருக்கிறார்.

1570-ல் லிஸ்பன் வந்து சேர்ந்தார். 17 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவரிடம் இருந்த சொத்து, காவியப் பிரதி மட்டும்தான்.

புத்தகம் வந்தது, பணம் வந்ததா?

அச்சிட மன்னர் செபாஸ்தியானின் அனுமதி வேண்டும், மத விசாரணை மன்றத்தின் தணிக்கையும் தாண்ட வேண்டும். கிறிஸ்தவக் காவியத்தில் ரோமானியக் கடவுள்கள் வருகிறார்களே என்ற சிக்கல் இருந்தது. அதெல்லாம் கவிதைக் கற்பனைதான் என்று தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். 1572-ல் லூசியாதாஸ் வெளியானது.

அதே ஆண்டு ஜூலையில் மன்னர் ஓர் உதவித்தொகை அறிவித்தார். ஆண்டுக்கு 15,000 ரெய்ஸ், 3 ஆண்டுகளுக்கு. ரெய்ஸ் என்பது அன்றைய போர்ச்சுகலின் நாணயம். தொகை பெரிதாகத் தெரிகிறதா? 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு சுமார் 41 ரெய்ஸ்தான். அரசாணையைப் படித்தால் இன்னொன்றும் புரியும். இந்தியாவில் செய்த சேவையையும், இந்திய விவகாரங்கள் பற்றி நூலில் காட்டிய திறமையையும் முன்னிட்டு என்றுதான் அதில் இருக்கிறது. படைவீரரின் சேவைக் கணக்கோடு சேர்த்துத்தான் கவிஞருக்குப் பணம். அதுவும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை.

கடைசி நாட்கள்

காவியத்தின் கடைசியில் கமோயின்ஸ் இளம் மன்னர் செபாஸ்தியானை ஆப்பிரிக்காவுக்குப் படையெடுக்கத் தூண்டியிருந்தார். 1578-ல் மன்னர் மொராக்கோ மேல் படையெடுத்தார். அல்காசர் கிபிர் போரில் படை அழிந்தது, 24 வயது மன்னரும் திரும்பவில்லை. வாரிசு இல்லை. 1580-ல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போனது.

அதே 1580, ஜூன் 10. கமோயின்ஸ் லிஸ்பனில் இறந்தார். ஜாவாவைச் சேர்ந்த அவர் பணியாள் அன்டோனியோ இரவில் தெருவில் பிச்சை எடுத்து அவரைக் காப்பாற்றினார் என்பதும், உடலைப் போர்த்தும் துணிகூட ஒரு பிரபு வீட்டிலிருந்து வந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகள். அம்மா அனா டி சா அப்போதும் உயிரோடு இருந்தார். 1582-ல் அவர் விண்ணப்பித்த பிறகு, மகனுக்குத் தர வேண்டிய தொகையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது.

செத்த பிறகு எல்லாருக்கும் வேண்டியவர்!

அவர் இறந்த 1580-லேயே ஸ்பானிய மொழியில் 2 மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு அதிகாரமும் அவரைத் தனக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொண்டது.

1584-ல் வந்த போர்ச்சுகீசியப் பதிப்பில் தணிக்கை பல பகுதிகளை வெட்டித் தள்ளியது.

1776-ல் வில்லியம் மிக்கிள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அதை வணிகத்தின் காவியமாகக் காட்டி, முன்னுரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்துக்கும் ஆதரவாக வாதாடினார். சென்னை ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். கரையில் நின்று சபித்த கிழவரின் குரல் அங்கே எடுபடவில்லை.

1880-ல், இறந்து 300 ஆண்டு ஆனதையொட்டி, அவருடையது என்று கருதப்பட்ட எலும்புகளை ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். 1755 நிலநடுக்கத்தில் பழைய கல்லறைத் தேவாலயம் சிதைந்திருந்ததால், அது அவருடையதுதானா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. எதிர்ப்பக்கம் வாஸ்கோடகாமாவின் கல்லறை. உயிரோடு இருந்தபோது கண்டுகொள்ளாத குடும்பத்தின் தலைவரோடு, கல்லறையில் சரிசமமான இடம்.

சலசார் சர்வாதிகாரத்தில் ஜூன் 10 இனத்தின் தினம் ஆனது. ஜனநாயகம் திரும்பிய பிறகு, போர்ச்சுகல், கமோயின்ஸ் மற்றும் உலகெங்கும் உள்ள போர்ச்சுகீசியச் சமூகங்களின் தினம் என்று பெயர் மாறியது.

1988-ல் போர்ச்சுகலும் பிரேசிலும் சேர்ந்து கமோயின்ஸ் விருதை உருவாக்கின. 2019-ல் பிரேசில் பாடகரும் எழுத்தாளருமான சிக்கோ புவார்க்கே அதற்குத் தேர்வானார். அன்றைய பிரேசில் அதிபர் போல்சனாரோ அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தார். ஆட்சி மாறி, 2023 ஏப்ரலில்தான் விருது கைக்கு வந்தது. கமோயின்ஸ் பெயரால் தரும் விருதிலேயே கவிஞரா, அதிகாரமா என்ற சண்டை!

நம்மூரில் மட்டும் என்ன வாழ்ந்தது?

போர்ச்சுகலை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 1919-ல் பாரதியார் எட்டயபுரம் மன்னருக்கு சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார். பலன் இல்லை. 1920-ல் தன் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிடத் திட்டம் போட்டு, பொதுமக்களிடம் கடனாகப் பணம் கேட்டார். அதுவும் கைகூடவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தபோது வயது 38. இறுதி ஊர்வலத்தில் 20 பேர்கூட இல்லை என்பார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 1949-ல் அரசு அவர் படைப்புகளின் உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியது.

இருவருக்கும் இடையே 340 ஆண்டு இடைவெளி. ஒருவர் பேரரசைப் பாடியவர், இன்னொருவர் பேரரசை எதிர்த்துப் பாடியவர். ஆனால் உயிரோடு இருந்தபோது கையில் காசு இல்லாததும், இறந்த பிறகு ஊரெல்லாம் சிலை எழுந்ததும் இருவருக்கும் பொது.

2024-ல் போர்ச்சுகல் கமோயின்ஸின் 500-வது பிறந்த ஆண்டு விழாவைத் தொடங்கியது. சிலைக்கு மாலை போடுவது எளிது, இறந்த கவிஞர் எதிர்த்துப் பேச மாட்டார். இன்று எழுதிக்கொண்டிருப்பவருக்கு வாழ வழி இருக்கிறதா, பிடிக்காததை எழுதினால் பொறுத்துக்கொள்கிறோமா என்பதுதான் கஷ்டமான கேள்வி. 7-வது காண்டத்தின் முடிவில் கமோயின்ஸ் கேட்டதும் அதைத்தான்.